மாட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் குதிரை: கிராமத்தில் குதிரை வளர்த்து ஓட்டுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அந்தியூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். காலையில் கதவைத் திறக்கும்போதே சினை ஊசிக்கு வந்த கிடேரி, மடிநோய் கண்ட கறவை மாடு, கழிச்சலில் துவண்ட வெள்ளாடு, கோழிக்குச் சொட்டு மருந்து கேட்டு வரும் பாட்டி என்று வாசல் நிறைந்திருக்கும். நடுவில் எப்போதாவது ஒரு குதிரை வந்து நிற்கும். அன்றைக்கு வந்த வேலையை மறந்துவிட்டு ஊரே அதைச் சுற்றி நிற்கும்.

எங்கள் பக்கம் குதிரை ஒன்றும் அபூர்வமில்லை. ஆடி மாதம் குருநாதசாமி கோயில் பண்டிகையோடு நடக்கும் சந்தைக்கு காத்தியவார், மார்வார் குதிரைகளும் நாட்டு மட்டக்குதிரைகளும் வந்து இறங்கும். திப்பு சுல்தான் காலத்திலிருந்தே நடக்கும் சந்தை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும் இளவட்டங்கள் வருடா வருடம் கூடுகிறார்கள். வாங்கிய குதிரையை மாட்டுக் கொட்டகையில் கட்டி, மாட்டுத் தீவனம் போட்டு, மாட்டு மருந்தையும் ஊற்றுகிறார்கள். எங்களிடம் வரும் குதிரைகளில் பாதிக்கு மேல் நோவுக்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும்: எதிலெல்லாம் குதிரை மாட்டைப் போல இல்லை?

1. வாங்குவதற்கு முன்

சந்தையில் முதலில் சுழி பார்ப்பார்கள். எந்தச் சுழி எங்கே இருந்தால் குடும்பத்துக்கு ஆகும், ஆகாது என்று அரை மணி நேரம் விவாதம் நடக்கும். பார்ப்பவர்கள் பார்க்கட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அந்த அரை மணியில் பத்து நிமிடத்தையாவது காலுக்கும் பல்லுக்கும் கொடுங்கள்.

மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. குதிரைக்கு மேலும் கீழும் உண்டு. பால்பல் விழுந்து நிலைப்பல் வருவது நடு ஜோடிக்கு இரண்டரை வயதில், அடுத்த ஜோடிக்கு மூன்றரையில், ஓரத்து ஜோடிக்கு நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். "நாலு வயசுக் குட்டிங்க, நல்லா ஓடும்" என்று சொல்லி விற்பவரிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நடு ஜோடி மட்டும் மாறியிருந்தால் அதற்கு மூன்றரை வயதுகூட ஆகியிருக்காது. அந்த வயதில் எலும்பு முதிர்ந்திருக்காது. பெரிய ஆள் ஏறி உட்கார்ந்தால் சீக்கிரமே நொண்டும். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரையைத் தாராளமாகப் பார்க்கலாம்.

அடுத்து நடக்க விடுங்கள். மணலில் வேண்டாம், கெட்டியான தரையில் ஓட்டச் சொல்லுங்கள். முன்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். இதைப் பழகிவிட்டால் சந்தையில் உங்களை ஏமாற்றுவது கொஞ்சம் கடினம்.

பிறகு எடை. தராசு தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றிச் சென்டிமீட்டரில் அளக்கவும். தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம் எடுக்கவும். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,877 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். நெஞ்சு 150, நீளம் 130 என்றால் சுமார் 246 கிலோ. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அப்படியென்றால் இந்த மட்டக்குதிரை 50 கிலோதான் தாங்கும். 75 கிலோ ஆள் இதில் ஏறக் கூடாது; பையனை ஏற்றலாம், வண்டியில் பூட்டலாம். மருந்தின் அளவும் இந்த எடையை வைத்துத்தான் முடிவாகும். அளந்த கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, இரத்தப் பரிசோதனை. கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரை, கழுதை, கோவேறு கழுதைக்கு வரும், மனிதருக்கும் தொற்றும். மூக்கில் பிசுபிசுப்பான சளி, தோலில் வரிசையாகக் கட்டிகள், அவை உடைந்து ஆறாத புண்கள் என்று காட்டும். சில குதிரைகளில் வெளியே ஒன்றுமே தெரியாது. தடுப்பூசி கிடையாது. நோய் உறுதியானால் சிகிச்சை தராமல் கருணைக்கொலை செய்வதுதான் அரசு நடைமுறை, இழப்பீடு உண்டு. 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி இதை மறைப்பது குற்றம். ஆகவே வாங்கும் முன்பே, அல்லது வாங்கிய கையோடு, மருந்தகத்தில் சொல்லி இரத்த மாதிரி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். முடிவு வரும் வரையில், குறைந்தது மூன்று வாரமாவது, பழைய குதிரையோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும்.

2. கிட்டப் போவதும் கட்டுவதும்

மாட்டை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து அடக்கிப் பழகிய கை, குதிரையிடமும் அதையே தேடும். குதிரையின் முதல் யோசனை ஓடுவதுதான். ஓட வழியில்லை என்றால் உதைக்கும். நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் அதற்குக் கண் தெரியாது. அதனால் இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். முதலில் கழுத்தில் கை வையுங்கள், அப்புறம் தலைக்கு.

பின்னால் போக வேண்டியிருந்தால் இரண்டில் ஒன்று: உடம்போடு உடம்பாக ஒட்டி, முதுகில் கை வைத்தபடி போங்கள், இல்லாவிட்டால் கால் எட்டாத தூரத்தில் சுற்றிப் போங்கள். நடுவாந்தரமாக நின்றால்தான் உதையின் முழு வேகமும் விழும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். கட்டும் முடிச்சு, ஒரு முனையை இழுத்தால் உடனே அவிழ்வதாக இருக்க வேண்டும். கட்டுமிடம் குதிரையின் தோள் உயரத்தில் இருக்கட்டும். தரையில் முளை அடித்து நீளக் கயிற்றில் கட்டிய குதிரை காலில் கயிறு சிக்கித் தோல் உரிந்து வருவது எங்களுக்குச் சலித்துப்போன காட்சி.

3. காலையில் ஐந்து நிமிடம்

சேணத்தை எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். தூரத்தில் நின்று முதலில் பாருங்கள். நேற்றுப் போட்ட தீனி தீர்ந்திருக்கிறதா? எத்தனை இடத்தில் சாணி கிடக்கிறது? ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை சாணி போடுவது வழக்கம். ராத்திரி முழுக்க ஒன்றிரண்டுதான் என்றால் சவாரியை மறந்துவிட்டு அதைக் கவனியுங்கள்.

வெப்பமானியின் முனையில் நூல் கட்டி, நூலை ஒரு கிளிப்பால் வால் முடியில் மாட்டிவிட்டு ஆசனவாயில் வையுங்கள். 99 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட் சரி. மாட்டுக்கு 102 சாதாரணம். குதிரைக்கு 102 காய்ச்சல். மாட்டுக் கணக்கை மனதில் வைத்து "சூடு கொஞ்சந்தானுங்க" என்று மூன்று நாள் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

நாடி தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரலுக்குத் தட்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கவும். ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்கும். மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. விலா அசைவதைப் பார்த்தே எண்ணலாம். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: ஈரமாக, வெளிர் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வயிற்றின் இரண்டு பக்கமும் காதை வைத்தால் தண்ணீர் ஓடுவதுபோலச் சத்தம் கேட்கும். கேட்காத வயிறுதான் பயப்பட வேண்டிய வயிறு.

உங்கள் குதிரை நன்றாக இருக்கும்போதே இந்த எண்களை ஒரு வாரம் எடுத்து எழுதிவைத்தால், பின்னாளில் மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

4. தீனி

மாட்டுக்கு நாலு அறை வயிறு. கடகடவென்று தின்றுவிட்டுப் படுத்து அசை போடும். குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் உடம்புக்கு மிகச் சிறியது. நார்ச்சத்தை நொதிக்க வைக்கும் வேலை பின்னாலுள்ள பெருங்குடலில் நடக்கிறது. அசை போடாது, வாந்தியும் எடுக்க முடியாது. உள்ளே தப்பானது போனால் வெளியே வர வழி பின்பக்கம் மட்டும்தான். ஆகவே இரண்டு வேளை மூட்டையாகக் கொட்டுவது மாட்டுக்கு ஒத்து வரும். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க மேய்கிற மாதிரி கிடைக்க வேண்டும்.

அளவு: உலர் எடைக் கணக்கில் உடல் எடையில் சுமார் 2 சதவீதம். 300 கிலோ குதிரைக்கு 6 கிலோ. பசும்புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் 10 கிலோ பசும்புல் 2 கிலோ உலர் தீனிக்குத்தான் சமம். நன்றாகக் காய்ந்த சோளத்தட்டு 4 கிலோ, பசும்புல் 10 கிலோ, வேலை செய்யும் குதிரையென்றால் வேகவைத்த கொள்ளு ஒரு கிலோ. ஓரளவுக்கு இது போதும். கொள்ளோ தானியமோ, ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. தீவனத்தை மாற்றுவதானால் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். தண்ணீர் வெயில் காலத்தில் 40 லிட்டர்கூடக் குடிக்கும். தொட்டி காலியாகவே கூடாது. கல்லுப்பு தினமும் 30 கிராம், நன்றாக வியர்த்த நாளில் இன்னும் கொஞ்சம்.

இனி நம்மூர்த் தீனிகளில் உள்ள சிக்கல்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். கம்பு நேப்பியரிலும் கொழுக்கட்டைப் புல்லிலும் உள்ள ஆக்சலேட், இருக்கிற கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைப் பெருமளவு சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. மாதக்கணக்கில் தவிடும் நேப்பியரும் மட்டுமே தின்ற குதிரை தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க ஆரம்பிக்கும். முதலில் இன்ன கால் என்று சொல்ல முடியாத நொண்டல், அப்புறம் கண்ணுக்குக் கீழே முக எலும்பு இரண்டு பக்கமும் புடைக்கும். வழி எளிது: தவிட்டைக் குறைத்து, குதிரைமசால் அல்லது வேலிமசாலை ஒரு பங்கு சேருங்கள். மசாலில் கால்சியம் நிறைய. தாது உப்பு எவ்வளவு தேவை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூபாபுல், ஊரில் சவுண்டல் என்கிற மரம், ஆட்டுக்கு அமிர்தம். அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு குதிரைக்கு ஆகாது. பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்துவிடும். கண்ணேறு பட்டுவிட்டது என்று மந்திரிக்கப் போனவரின் வேலியைப் பார்த்தால் முழுக்கச் சவுண்டலாக இருக்கும். பூசணம் பிடித்த கடலைக்கொடியைக் குதிரைக்குக் காட்டவே வேண்டாம். இளம் சோளப்பயிரில் மேயவும் விடாதீர்கள். விஷம் மாட்டுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், குதிரைக்கும் சிறுநீர்ப்பையும் பின்கால் நரம்பும் கெடும். கோயில் ஓரத்து அரளிச்செடி பக்கம் கட்டிவிட்டுப் போகாதீர்கள், கொஞ்சம் இலையே உயிரை எடுக்கும்.

திருவிழா நாளில் சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் ஆளாளுக்கு ஊட்டுவார்கள். பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரேயடியாக உள்ளே போகும் மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து, இரண்டொரு நாளில் குளம்புக்குள் அழற்சியாக வந்து நிற்கும். முன்கால் இரண்டையும் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்கும்; குளம்பு தொட்டால் சுடும். அந்த நிலையில் நடக்க வைக்காதீர்கள். நிற்கிற இடத்திலேயே மணல் மெத்தை போட்டு, காலைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள். கவனிக்காமல் விட்டால் உள்ளேயுள்ள எலும்பே கீழே இறங்கிவிடும்.

5. அலமாரியில் மீந்த மாட்டு மருந்து

"மாட்டுக்கு வாங்குனதுல பாதி மிச்சமிருக்குதுங்க, இதையே ஊத்தலாங்களா?" இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. பதில் எப்போதும் ஒன்றுதான், வேண்டாம். ஏன் என்று தெரிந்தால்தான் மனசு கேட்கும் என்பதால் சொல்கிறேன்.

உண்ணிக்கு மாட்டின் மேல் தெளிக்கும் அமிட்ராஸ் கரைசல் குதிரையின் குடல் அசைவை நிறுத்திவிடும். சாணி உள்ளே கட்டிக்கொண்டு வயிற்று வலி வரும். உண்ணிக்குக் குதிரைக்கு ஏற்றது வேறு இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

கோழித் தீவனத்தில் இரத்தக் கழிச்சல் வராமல் தடுக்க மோனென்சின், சலினோமைசின் போன்றவற்றைச் சேர்ப்பதுண்டு. சில மாட்டுத் தீவனத்திலும் மோனென்சின் இருக்கும். கோழியும் மாடும் தாங்கும் அளவில் ஒரு சிறு பங்கே குதிரையின் இதயத் தசையைச் சிதைக்கப் போதும், மாற்று மருந்தும் கிடையாது. தீவன மூட்டையைக் குதிரை தலை நீட்ட முடியாத இடத்தில் வையுங்கள்.

ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை மாட்டுக்குத் தோலடியில் ஊசியாகப் போடுகிறோம். குதிரைக்கு அது வாய்வழிப் பசையாகவே தர வேண்டும். ஊசி போட்ட இடத்தில் உயிருக்கே ஆபத்தான கிருமித் தொற்று வரலாம். லின்கோமைசின், டைலோசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் குதிரையின் பெருங்குடல் நுண்ணுயிர்களைக் குலைத்து, நிற்காத கழிச்சலில் கொண்டுபோய் விடும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விலங்குகளுக்கு அதைத் தருவது இந்தியாவில் 2006லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது செத்த கால்நடையைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக இறந்தன. நமக்குப் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் தென்னிந்தியாவில் மிஞ்சிய கழுகுகளில் பெரும்பங்கு இருக்கின்றன. மனிதர் மருந்துக்கடையில் வாங்கி வந்து ஊசி போடும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், வீட்டுக்குள் விடாதீர்கள்.

மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் பாதி நுரையீரலுக்குப் போகும். வயிற்று வலியோடு வந்த குதிரை நிமோனியாவில் போய்ச் சேரும். மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பைக்கே நேராகச் செலுத்துவார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கோமாரி பிளவுபட்ட குளம்புள்ள பிராணிகளுக்கு வருவது, குதிரைக்கு வராது. கோமாரி முகாமுக்குக் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்க வேண்டாம்.

6. ஊசி, குடற்புழு, குளம்பு, பல்

குதிரைக்கு முதல் எதிரி இரணஜன்னி (டெட்டனஸ்). மற்ற கால்நடைகளைவிட அதற்கு இது வெகு எளிதில் வரும். தடுப்பூசி முதல் தடவை நாலு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. ஆணி குத்தி, லாடம் தப்பாக அடித்து, கம்பி கிழித்து எது வந்தாலும் கடைசியாக எப்போது ஊசி போட்டது என்று முதலில் சொல்லுங்கள். காது விறைத்து, வால் தூக்கி, கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு சவ்வு வந்து வந்து போனால் நோய் தொடங்கிவிட்டது.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் வருடா வருடம். எச்சில் ஒழுகி விழுங்க முடியாமல் தவிக்கும் குதிரையின் வாய்க்குள், தொண்டையில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று கை விடாதீர்கள். வெறிநோயாகவும் இருக்கலாம். எங்களைப் போல மருந்தகத்தில் வேலை செய்பவர்கள் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

குடற்புழு மருந்தைக் காலண்டர் பார்த்துக் கொடுப்பதைவிட, சாணியைப் பரிசோதித்துக் கொடுப்பது மேல். ஒரு கைப்பிடி புதுச் சாணியைக் கவரில் கட்டிக் கொண்டுவந்தால் போதும். நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போய், விட்டு விட்டுக் காய்ச்சல் வந்து, அடிவயிறும் காலும் வீங்கினால் அது புழுவாக இல்லாமல் சர்ரா நோயாக இருக்கலாம். இரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் பரப்புவது. இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பார்க்க வேண்டும்.

குளம்பைத் தினமும் கொக்கியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், குதிகாலிலிருந்து முனை நோக்கி. நடுவிலுள்ள முக்கோணப் பகுதி கறுத்து நாறினால் கொட்டகை ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து சீவ வேண்டும். லாடம் தேயவில்லையே என்று நாலு மாதம் தள்ளிப்போடுவது தவறு, உள்ளே குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கும். தீனியை மென்று உருண்டையாகத் துப்பினால் கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அரம் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

7. ஏறி ஓட்டுவது

கடிவாளத்திலிருந்து தொடங்குகிறேன். முள் வைத்த கடிவாளத்தைப் போட்டால்தான் குதிரை தலை நிமிர்ந்து ஆடும் என்று சொல்லி விற்கிறார்கள். 1965ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்பு விதிகள் முள் கடிவாளத்தைத் தடை செய்கின்றன. சட்டத்தை விடுங்கள், வாய் வலிக்கிற குதிரையை நம்பி யார் ஏறுவது? நடுவில் ஒரு மூட்டுள்ள வழவழப்பான கடிவாளம், கடைவாயில் ஒன்றிரண்டு மடிப்பு விழும் அளவுக்கு மாட்டினால் சரி.

சேணம் முதுகெலும்பைத் தொடக் கூடாது. வைத்துவிட்டுப் பின்னால் நின்று பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். வயிற்றுப்பட்டையை மூன்று தடவையாக இறுக்குங்கள்: போட்டதும் கொஞ்சம், பத்தடி நடத்தியபின் கொஞ்சம், ஏறும் முன் கடைசியாக. முதலில் மூச்சை இழுத்து வயிறை உப்ப வைக்கும் குதிரைகள் உண்டு. ஒரே இழுப்பில் இறுக்கியவர் பாதி வழியில் சேணத்தோடு வயிற்றடிக்குப் போவார்.

காலில் சிறு குதிகால் உள்ள ஷூ வேண்டும். செருப்போடு ஏறினால் பாதம் மிதிவளையத்துக்குள் நழுவிப்போய், விழும்போது குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். தலையில் ஹெல்மெட். சவாரி ஹெல்மெட் கிடைக்காவிட்டால் பைக் ஹெல்மெட்டாவது.

திண்ணையோ கல்லோ உயரமான ஒன்றில் நின்று இடப்பக்கமாக ஏறுங்கள். தரையிலிருந்து தொங்கி ஏறுவது முதுகை முறுக்கும். இடது கையில் லகானும் பிடரி மயிரும் சேர்த்துப் பிடித்து, மெல்ல உட்காருங்கள். காது, தோள், இடுப்பு, குதிகால் ஒரே நேர்கோட்டில் வரும்படி நிமிர்ந்து, குதிகாலைத் தாழ்த்தி வையுங்கள். லகான் இழுவையில் இருக்க வேண்டியதில்லை, வாயைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும்.

முதல் பத்து நிமிடம் நடைதான். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இதைக் குறைக்காதீர்கள். அப்புறம் துள்ளுநடை. அதில் அப்படியே உட்கார்ந்திருந்தால் உங்கள் முதுகும் அதன் முதுகும் சேர்ந்து போகும். ஒரு அடிக்கு எழுந்து ஒரு அடிக்கு உட்காரப் பழகுங்கள். துள்ளுநடையில் லகானைப் பிடித்துத் தொங்காமல் சமநிலை வரும் வரைக்கும் பாய்ச்சலுக்குப் போகாதீர்கள். மிரண்டு ஓடினால் இரண்டு லகானையும் சேர்த்து இழுத்துப் பயனில்லை, பலத்தில் அது ஜெயிக்கும். ஒன்றை மட்டும் மெல்ல மெல்ல இழுத்து வட்டமாகத் திருப்புங்கள். வட்டம் சிறுக்கச் சிறுக்க வேகம் குறையும். இதை மிரளாத நாளில், நடையிலேயே பழக்கி வைத்திருந்தால்தான் மிரளும் நாளில் கைகொடுக்கும்.

நான் ஏரிக்கரையில் ஓட்டுவது மருந்தகம் திறக்கும் முன், விடிகாலையில். வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி இழுக்க வைக்கக் கூடாது என்று அதே 1965 விதிகள் சொல்கின்றன. சவாரிக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கியும் உடம்பு வியர்க்கவே இல்லை என்றால் உடனே இறங்கி நிழலுக்குக் கூட்டிப்போங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும்.

ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்பது பலமான நம்பிக்கை. உண்மையில்லை. குடிக்க விடுங்கள், மேலுக்கும் ஊற்றுங்கள், ஊற்றியதை வழித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். மெல்ல நடத்துங்கள். பதினைந்து நிமிடத்தில் நாடி 60க்குக் கீழே இறங்காவிட்டால் நாளைக்கு ஓய்வு. தானியம் மட்டும் உடம்பு ஆறி ஒரு மணி நேரம் கழித்து.

8. வயிற்று வலி

குதிரைக்கு வரும் அவசரங்களில் முதலிடம் இதற்குத்தான். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்காலால் தரையைப் பறிக்கும், படுக்கும், எழும், புரளும், மேல் உதட்டைச் சுருட்டும். தீனியைத் தொடாது.

முதலில் தீனியை அப்புறப்படுத்துங்கள். நாடி, ஈறு, வயிற்றுச் சத்தம், கடைசிச் சாணி எப்போது என்று பார்த்து நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், அல்லது 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி கேளுங்கள். காத்திருக்கும்போது பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடத்தலாம். மூன்று மணி நேரம் ஊரைச் சுற்றி நடத்துவது களைப்பைத்தான் கூட்டும். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்க விடலாம். வேகமாகப் புரண்டால் மட்டும் எழுப்புங்கள், மனிதருக்கு அடிபடாத இடமாகப் பார்த்து.

ஓய்வில் நாடி 60ஐத் தாண்டினாலோ, ஈறு செங்கல் நிறத்திலோ நீலம் பாய்ந்தோ இருந்தாலோ, வலி ஊசி போட்டும் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாலோ குடல் முறுக்கியிருக்கலாம். அது கிராமத்து மருந்தகத்தில் தீரும் காரியமில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடத்துக்குப் போக வண்டியை அப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

மணல் பாங்கான தரையில் தீனி போடுகிறவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். தரையில் படாத நடுச் சாணியை எடுத்து வாளித் தண்ணீரில் கரைத்து, பதினைந்து நிமிடம் விட்டு, மேல்தண்ணீரைக் கொட்டுங்கள். அடியில் மணல் தங்கினால் தீனியை இனித் தொட்டியில் போடுங்கள்.

9. குட்டி போடும்போது

சினை சுமார் பதினொரு மாதம், 340 நாள். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்தில் எழ வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். பசுவுக்கு நஞ்சுக்கொடி விழப் பன்னிரண்டு மணி நேரம்கூடப் பொறுப்போம். குதிரையில் மூன்று மணியைத் தாண்டினால் விஷம் ஏறிக் குளம்பு வரைக்கும் பாதிக்கும். கையால் பிடித்து இழுக்க வேண்டாம். தொங்குவதை முடிச்சுப் போட்டு, காலில் மிதிபடாமல் உயர்த்திக் கட்டிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். விழுந்ததைத் தூக்கிப் போடாமல் வாளியில் வைத்திருங்கள், முழுசாக வந்திருக்கிறதா என்று மருத்துவர் விரித்துப் பார்ப்பார்.

10. மருந்தகத்துக்குக் கூட்டி வருவது

பக்கத்தில் இருந்தால் நடத்தியே வாருங்கள். குட்டி யானை வண்டியில் ஏற்றினால் தரையில் மணல் அல்லது நனைத்த வைக்கோல் பரப்புங்கள், வெறும் தகரத்தில் கால் வழுக்கும். தலைக்கயிறு குனிந்து இருமும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும். ஓட்டுநரிடம் ஹார்ன் அடிக்க வேண்டாமென்று முன்பே சொல்லிவிடுங்கள்.

வந்ததும் மாட்டைக் கட்டும் கம்பிக் கூண்டுக்குள் ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். எங்கள் கூண்டு மாட்டு அளவுக்குப் போட்டது. மிரண்ட குதிரை அதில் காலைத் தூக்கிக் கம்பிக்கு மேல் போட்டுக்கொள்ளும். வேப்பமரத்தடியில் நிறுத்துங்கள், அதற்குப் பழக்கமான ஆள் ஒருவர் தலைப் பக்கம் நிற்கட்டும். ஊசி போடும்போது எல்லோரும் இடப்பக்கமே நில்லுங்கள். வலப்பக்கம் அது நகர இடம் வேண்டும்.

நொண்டலென்றால் காலையில் நடக்கும்போது எடுத்த போன் வீடியோ உதவும், பயத்தில் இங்கே நேராக நடந்துவிடும் குதிரைகள் இருக்கின்றன. எடை எழுதிய நோட்டு, ஊசி போட்ட தேதிகள், ஏற்கெனவே ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் அதன் பாட்டில். பாட்டிலை மறைக்க வேண்டாம். திட்டுவாரோ என்று பயந்து மறைப்பதால், மேற்கொண்டு போடும் ஊசிதான் தப்பாகப் போகும். பாறை உப்புக்கட்டி, தண்ணீர் வாளி, அதற்குப் பழகிய தீனி ஒரு கட்டு ஆகியவற்றையும் வண்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி நாமக்கல்லுக்குப் போக நேர்ந்தால் அங்கே போய்த் தேட முடியாது.